அரக்குத் தட்டில் வாழும் குரல்கள்

ஒருவருடைய முகத்தை ஓவியம் காக்கும்; எண்ணத்தை எழுத்து காக்கும். அவர் பேசிய விதத்தைக் காப்பது எது? கல்வெட்டும் ஓலைச்சுவடியும் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுத் தமிழைத் தந்திருக்கின்றன. ஆயினும், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சை உழவர் ஒருவர் தம் மகனை எந்தத் தொனியில் கூப்பிட்டார் என்பதை இன்று எவராலும் கேட்க இயலாது. 1877-இல் எடிசன் ஃபோனோகிராஃப் கருவியைக் கண்டுபிடித்த பிறகே, பேசியவர் மறைந்த பின்னும் அவர் குரல் நிலைக்கும் வாய்ப்பு வந்தது.

அத்தகைய பழங்குரல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடங்களுள் ஒன்று, பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகம். இந்தியர்களின் குரல்களும் அதில் உள்ளன. அவை அங்கே போய்ச் சேர்ந்த வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்று.

போர்க்கைதிகளின் முகாமில்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும், ஆங்கிலேய அரசு இந்தியச் சிப்பாய்களைப் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் அனுப்பியது. ஜெர்மானியரிடம் பிடிபட்டவர்களில் பலர் பெர்லினுக்குத் தெற்கே, வூன்ஸ்டார்ஃப் என்ற ஊரிலிருந்த பிறைநிலா முகாமில் வைக்கப்பட்டனர். இந்தியச் சிப்பாய்களையும், பிற நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் வீரர்களையும் தம் பக்கம் திருப்பி, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் எதிராக நிறுத்துவதே அந்த முகாமின் நோக்கம். 1915-இல் அங்கே மரத்தால் ஒரு பள்ளிவாசல்கூடக் கட்டப்பட்டது.

வில்ஹெல்ம் டோகென் என்ற ஆசிரியர் இதில் வேறொரு வாய்ப்பைக் கண்டார். உலகின் பல மொழிகளைப் பேசுவோர் கைதிகளாக ஒரே நாட்டில் கூடியிருந்தனர். அவர் முயற்சியால் அரசு ஒரு குழுவை அமைத்தது. கார்ல் ஸ்டும்ப் என்ற அறிஞர் அதற்குத் தலைவர். 1915 இறுதியிலிருந்து 1918 வரை ஏறத்தாழ முப்பது அறிஞர்கள் முகாம் முகாமாகச் சென்று, சுமார் 250 மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் 1,600-க்கும் மேற்பட்ட தட்டுகளைப் பதிவு செய்தனர். அந்தத் தொகுப்பு 1920-இல் பிரஷ்ய அரசு நூலகத்தில் இடம்பெற்று, பின்னர் 1930-களில் பல்கலைக்கழகத்துக்கு வந்தது.

பதிவு நடந்த விதம்

மின் ஒலிவாங்கி அன்று பயன்பாட்டுக்கு வரவில்லை. பேசுபவர் பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயருகே நின்று உரக்கப் பேச வேண்டும். அவர் குரலின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை ஆட்டும். அதனுடன் இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். அந்த மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். நம் தாத்தா காலத்துக் கிராமபோன் தட்டும் இப்படிப் பிறந்ததே.

ஒரு தட்டில் சில நிமிடங்களே அடங்கும். ஆகவே கைதி பேச வேண்டியதை முதலில் எழுதி, ஒத்திகை பார்த்துப் பிறகு பதிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விவரத்தாளும் உண்டு. பெயர், வயது, பிறந்த ஊர், வளர்ந்த ஊர், பெற்றோர் எங்கிருந்து வந்தவர்கள், தாய்மொழி, கல்வி, தொழில் எல்லாம் அதில் குறிக்கப்பட்டன. நூறாண்டுக்குப் பிறகும் அந்தத் தட்டுகள் ஆய்வுக்குப் பயன்படுகின்றன என்றால், குரலோடு அந்தத் தாளும் காக்கப்பட்டதே காரணம்.

மால் சிங் சொன்னது

1916 டிசம்பர் 11 அன்று ஊதுகுழலின் முன் நின்றவர் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய். அவர் பேச்சு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. வேறொருவர் கதையைச் சொல்வதுபோல், "ஒரு மனிதன்" என்றே அவர் தம்மைப் பற்றிப் பேசுகிறார். அந்த மனிதன் இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று பால் குடித்து வாழ்ந்தவன். ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்து ஐரோப்பியப் போருக்கு வந்தான். ஜெர்மானியர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பினால் அந்தச் சாப்பாடு மறுபடி கிடைக்கும். இன்னும் இரண்டு ஆண்டு இங்கேயே இருந்தால் அவன் செத்துப்போவான். கடவுள் அருளால் சமாதானம் வந்தால் திரும்பலாம். இதுவே அவர் சொன்னதன் சாரம்.

அறிஞர்களுக்கு வேண்டியிருந்தது பஞ்சாபி உச்சரிப்பு. மால் சிங் அந்த வாய்ப்பில் தம் ஏக்கத்தைச் சொல்லிவிட்டார். காவலில் இருப்பவரிடம் கேட்டு வாங்கிய பேச்சு முழுச் சம்மதத்தோடு தந்ததாகுமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் இன்றும் எழுப்புகிறார்கள். நியாயமான கேள்விதான். 2007-இல் பிலிப் ஷெஃப்னர் என்ற ஜெர்மானிய இயக்குநர் இந்தக் குரல்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்த பிறகு, மால் சிங்கின் சொற்கள் பலரைச் சென்றடைந்தன. முகாமில் இறந்த இந்தியர்கள் பக்கத்திலுள்ள ஸெஹ்ரன்ஸ்டார்ஃப் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

ஒரே கதை, பல மொழிகள்

பெர்லின் குழு ஆங்கிலேயக் கைதிகள் பலரிடம், பைபிளில் வரும் ஊதாரி மைந்தன் கதையைச் சொல்லச் செய்தது. ஒரே கதையைப் பல ஊர்க்காரர்கள் சொன்னால்தான் ஒலி வேறுபாடுகளை ஒப்பிட முடியும். அதே கதையை இந்தியாவில் ஏற்கெனவே பயன்படுத்தியவர் ஜார்ஜ் கிரியர்சன். அவர் நடத்திய இந்திய மொழி ஆய்வின் பதினொரு தொகுதிகள் 1903 முதல் 1928 வரை வெளிவந்தன. அச்செழுத்தால் ஒலியைக் காட்ட முடியாது என்பதால், 1913 முதல் 1929 வரை கிராமபோன் பதிவுகளும் செய்யப்பட்டன. அன்றைய சென்னை மாகாணத்தில் பதிந்தவையும் அவற்றில் உண்டு. இவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகம் இப்போது எவரும் கேட்கும்படி வைத்திருக்கிறது.

வீட்டைப் பிரிந்து தொலைதூரம் போன மகன் திரும்பி வரும் கதை அது. முகாமில் அடைபட்டவர்கள் எந்த மனநிலையில் அதைச் சொல்லியிருப்பார்கள் என்பதை, ஊரை விட்டு வந்து வாழும் நாம் ஓரளவு உணர முடியும்.

நம் வீட்டில் செய்யக்கூடியது

நம் பிள்ளைகள் இங்கே பேசும் தமிழ், பெரும்பாலும் பாடப்புத்தகமும் சினிமாவும் தொலைக்காட்சியும் தந்த தமிழ். மதுரைப் பாட்டியின் "வந்துட்டாய்ங்க", நெல்லைத் தாத்தாவின் "வந்துட்டாவ", கோவை அத்தையின் "ஏனுங்க" ஆகியவை அந்தந்தப் பெரியவர்களோடு வீட்டை விட்டுப் போய்விடுகின்றன. அன்று அரசு ஒரு குழுவே அமைத்துச் செய்த வேலைக்கு, இன்று ஒரு கைபேசி போதும்.

சில வழிமுறைகள்:

1. முதலில் பெரியவரிடம் காரணத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

2. விவரத்தாள் எழுதுங்கள்: பெயர், பிறந்த ஊர், வயது, வாழ்ந்த ஊர்கள், பெற்றோரின் ஊர், பதிந்த தேதி.

3. மின்விசிறி, தொலைக்காட்சி ஓடாத அறையில் பதியுங்கள்.

4. "நல்ல தமிழில் சொல்லுங்கள்" என்று திருத்தாதீர்கள். கல்யாணச் சமையல், வயல் வேலை, முதன்முதலாக ரயிலேறி இங்கே வந்தது என்று அவர் விரும்புவதைப் பேசட்டும்.

5. பதிவைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமித்து, பெயரும் தேதியும் இட்டு வையுங்கள்.

குழந்தைகளையே கேள்வி கேட்கச் சொல்வது நல்லது. பாட்டி சொல்லும் ஒரு சொல் புரியாமல் பேரன் "அப்படின்னா என்ன பாட்டி?" என்று கேட்பதும் அந்தப் பதிவில் இருக்கட்டும். அந்தச் சொல்லுக்குப் பாட்டி தரும் விளக்கம் பல சமயம் அகராதியிலும் கிடைக்காது.