நாயோடு மலைக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயதாகிறது. ஞாயிற்றுக்கிழமை மதுக்கரை தர்மலிங்கேஸ்வரர் மலைக்கு அவனையும் கூட்டிப் போகலாம் என்று பையன் ஒரே அடம். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டுங்க, டாக்டர்?
– ஒரு வாசகி, போத்தனூர்

பதில்: அந்த மலை மட்டும் வேண்டாங்கம்மா. அது யானை நடமாடும் காட்டோரம். யானையைக் கண்டால் நாய் குரைக்கும். யானை திரும்பித் துரத்தினால், மிரண்ட நாய் நேரே உங்கள் காலடிக்குத்தான் ஓடி வரும், யானையையும் கூட்டிக்கொண்டு. கயிறு போட்டுப் பிடித்தாலும் குரைப்பை நிறுத்த முடியாது. சிறுத்தைக்கோ நாய் சுலபமான இரை. 2022 ஜனவரியில் குனியமுத்தூரை ஒட்டிய பி.கே.புதூரில் ஒரு பழைய குடோனுக்குள் சிறுத்தை பதுங்கிக் கிடந்து, சில நாள் போக்குக் காட்டிய பிறகே கூண்டில் சிக்கியது நினைவிருக்கும். உங்கள் வீட்டிலிருந்து அது தொலைவில்லை.

காட்டுக்கும் நம் நாயால் ஆபத்து உண்டு. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. அவற்றில் சிலவற்றிடம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி இருந்தது. நம் காட்டுச் செந்நாய்க்கும் அது தொற்றும். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவதே குற்றம் என்பதையும் பையனிடம் சொல்லுங்கள்.

அவனுக்கு வேண்டியது நாயோடு நீண்ட நடைதானே? வெள்ளலூர் குளக்கரை இருக்கிறது, செட்டிபாளையம் பக்கத்து இட்டேரிகள் இருக்கின்றன. ஆடு மேய்கிற இடம், கயிற்றை விடக் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது வெயிலுக்குத்தான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; இளைத்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். லேப்ரடாருக்கு ரோமமும் அடர்த்தி, எசமானைச் சந்தோஷப்படுத்த விழுகிற வரை ஓடுகிற குணமும் உண்டு. மாசி முதல் வைகாசி வரை காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் பொசுங்கும். எச்சில் கெட்டியாக வடிந்து, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் நிழலில் கிடத்துங்கள். சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். உள்ளுறுப்பு பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சலோடு வரும் நாய்கள் இங்கே அதிகம். வெறிநோய், லெப்டோ ஊசிகளுக்கு நாள் தவறக் கூடாது.

இட்டேரி வேலியோரம் விரியன் இருக்கும். கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாம்பு விஷமுறிவு மருந்து எல்லாக் கிளினிக்கிலும் இருப்பதில்லை. எங்கே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பார்களா என்று இந்த வாரமே விசாரித்து, அந்த எண்ணைப் பையனின் போனிலும் போட்டு வையுங்கள்.