மதர்போர்டு வாங்கப் போகிறீர்களா?

முதலில் பிராசசரை முடிவு செய்யுங்கள். போர்டு அதற்குப் பிறகுதான். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 ராம் மட்டுமே. இன்டெலின் எல்ஜிஏ 1700-க்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு ராமிலும் 288 பின்கள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. பழைய ராமை அழுத்திப் பொருத்த முயல வேண்டாம்.

32 ஜிபி வேண்டுமானால் 16 ஜிபி இரண்டு, அதுவும் ஒரே கிட்டாக. நான்கு ஸ்லாட் போர்டில், பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-இல் செருகுவதே பெரும்பாலும் சரி (மேனுவலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்). பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது. போர்டின் வண்ண விளக்குக்குத் தரும் பணத்தை இன்னொரு எம்.2 ஸ்லாட்டுக்குத் தரலாம்.