ஆலமரத்தடியைப் பார்

அன்புள்ள மதி,

நீ வரைந்து அனுப்பிய மரகதப்புறா வந்து சேர்ந்தது. அலகுக்குச் சிவப்பு தீட்டியிருக்கிறாய், அது சரி. ஆனால் ஆலமர உச்சியில், பழங்களுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டாயே! அங்கே இருப்பது பச்சைப்புறா. பெரியவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவோ பெரும்பாலும் தரையில்தான் இரை தேடும். மேலிருந்து உதிரும் பழங்களையும் விதைகளையும் சருகுக்குள் நடந்து நடந்து பொறுக்கும். கறையான் கிடைத்தாலும் விடாது.

உடம்பு முழுக்கப் பச்சை அடிக்காதே. பச்சை, முதுகிலும் இறக்கையிலும்தான். கழுத்துக்கும் மார்புக்கும் நாவல்பழக் கறை பட்ட வேட்டியைத் துவைத்த பிறகும் போகாமல் நிற்குமே, அந்த மங்கல் நிறம். ஆணுக்கு உச்சந்தலை சாம்பல். நெற்றியும் புருவமும் வெள்ளை. தோளில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண் சற்றுப் பழுப்பாக இருக்கும். நிழலில் கருத்துத் தெரியும் அந்த இறக்கை, ஒரு கீற்று வெயில் பட்டதும் வெண்கலம்போல் மின்னும். அதன் அறிவியல் பெயரான 'கால்கோபேப்ஸ் இண்டிகா'வின் முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் வெண்கலப் புறா என்றே பொருள்.

வால்பாறையில் ஒரு விடியற்காலை, காட்டுப்பாதையில் எனக்கு முன்னால் ஒன்று நடந்து போனது. நான் நின்றால் அதுவும் நின்றது. மெல்ல நெருங்கியபோதும் பறக்காமல் எட்டி நடந்தது. பிறகு சட்டென்று எழும்பி, தாழ்வாக, மரங்களுக்கிடையே வளைந்து மறைந்தது. அந்த வேகமே சில நேரம் அதற்கு எமனாகிவிடுகிறது. நான் தங்கிய விடுதியின் கண்ணாடிச் சன்னலில் மோதி விழுந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். உடல் இன்னும் சூடாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்த மரங்களை நிஜம் என்று நம்பியிருக்கிறது. அன்றே அந்தச் சன்னலுக்குத் திரை போடச் சொன்னேன்.

கூடு கட்டுவதில் அதற்குச் சாமர்த்தியம் போதாது, நாலு சுள்ளிதான். இரண்டு முட்டை. குஞ்சுக்குத் தாயும் தந்தையும் தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும். தந்தையும் பாலூட்டுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

அரைப் பரீட்சை லீவுக்கு வா. காலை ஆறு மணிக்குள் காட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். 'ஹூ...ம்' என்று அடிவயிற்றிலிருந்து வரும் முனகல் கேட்டால் அசையாமல் நில்.

உன் படம் பத்திரமாக இருக்கிறது. மேலே இருப்பதை அழிக்க வேண்டாம். அலகைச் சாம்பலாக்கினால் பச்சைப்புறா ஆகிவிடும். மரத்தடியில் நிறைய இடம் விட்டிருக்கிறாய். பார்த்துவிட்டு வந்து அங்கே வரை.

அன்புடன்,
மாமா