காப்பீடு இல்லாத வண்டி மோதினால்?

வடசென்னையின் சாலைகள் பெரும்பாலும் துறைமுகங்களுக்காக உழைப்பவை. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெயிலர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துச் சரக்கு நகருக்கு வருவதும் இவ்வழியேதான். இங்கே நம் அங்கத்தினர் ஒருவரின் சிறு சரக்கு வண்டிமீது ஒரு லாரி மோதிவிட்டது என்று கொள்வோம். அவருக்குக் கால் முறிகிறது. வண்டியின் முன்பக்கம் நசுங்குகிறது. காய்கறி சாலையில் சிதறுகிறது. விசாரித்தால், லாரியின் காப்பீடு காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருக்கின்றன. லாரிக்காரர் சில ஆயிரம் ரூபாயை நீட்டி, “போலீசுக்குப் போக வேண்டாம், இந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்” என்கிறார். அந்நிலையில் செய்யத்தக்கது யாது? இதுவே இம்மாதப் பாடம்.

சட்டம் கூறுவது

காப்பீடு என்பது வண்டிச் சொந்தக்காரருக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். அவ்விருவரும் அல்லாமல் வண்டியால் இடருறுபவரே ‘மூன்றாம் நபர்’ எனப்படுவார். அவருக்கான காப்பீடு நம் நாட்டில் 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. இன்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதனை வற்புறுத்துகிறது. மீறுவோருக்கு முதன்முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் அபராதம் சர்க்காரைச் சேருமேயன்றி அடிபட்டவரைச் சேராது. அடிபட்டவர் நஷ்டஈட்டைத் தனியே கோரிப் பெற வேண்டும்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்துக. காப்பீடு இல்லை என்பதால் பொறுப்பு இல்லாமற் போவதில்லை. கம்பெனி கொடுத்திருக்க வேண்டிய தொகை முழுவதும் வண்டிச் சொந்தக்காரரின் தலைமேல் விழுகிறது. “வண்டியை முன்பே விற்றுவிட்டேன்” என்று அவர் சொல்லித் தப்பவும் இயலாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சொந்தக்காரர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது.

முதலில் சிகிச்சை

பணத்தைப் பற்றிய பேச்சு பிறகு. மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவருக்குக் குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரையிலும் ஒன்றரை இலட்சம் ரூபாய் வரையிலும் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லாமை இதற்குத் தடையன்று.

வண்டியே ஈடு

லாரியை நகர்த்துமுன் அதன் எண்ணைக் குறித்துப் படம் எடுத்துக்கொள்க. ட்ரெயிலரில் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் வேறு வேறு எண் இருக்கக்கூடும். இரண்டையும் குறித்தல் நலம். எம்-பரிவாகன் செயலியில் எண்ணை இட்டால், காப்பீடு எதுவரை உள்ளது என்பது தெரியவரும். பின்னர்த் தாமதமின்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுக.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சொந்தக்காரரிடம் வேறு சொத்து இருக்கிறதோ இல்லையோ, லாரி ஒன்று கண்முன் நிற்கிறது. காப்பீடில்லாத வண்டியைப் போதிய ஜாமீன் பெறாமல் விடுவிக்கலாகாது என்றும், மூன்று மாதத்துக்குள் ஜாமீன் தராவிடில் அதனை ஏலமிட்டுப் பணத்தை நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டவேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் வழிகாட்டியது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளிலும் இது இடம்பெற்றுள்ளது. எனவே, சில ஆயிரத்துக்காகக் கையெழுத்திட்டு லாரியைப் போகவிடுபவர், தமக்குரிய ஈட்டையே கைவிடுகிறார்.

மனுச் செய்தல்

சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமே மோட்டார் விபத்துத் தீர்ப்பாயமாக இயங்குகிறது. விபத்து நடந்த இடத்தில்தான் மனுச் செய்யவேண்டும் என்பதில்லை; மனுதாரர் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் செய்யலாம். 166ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் மனுச் செய்க. அடுத்தவர் பிழையை மெய்ப்பிக்காமலே உயிரிழப்புக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சமும் கோரும் வழியை 164ஆம் பிரிவு தருகிறது. எது நமக்கு ஏற்றது என்பதை வக்கீலிடம் கேட்டறிக. தீர்ப்புக்குப் பின்னும் சொந்தக்காரர் பணம் கட்டாவிட்டால், கலெக்டர் வழியாக நிலவரிப் பாக்கியைப் போல் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மோதிய வண்டி இன்னதென்றே தெரியாதபோது வழி வேறு: அதற்கு உயிரிழப்புக்கு 2 இலட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் எனத் தனித் திட்டம் உள்ளது.

நம்முடைய காப்பீடு

நம் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்தால், அதன் பழுதுக்கு நம் கம்பெனி ஒரு காசும் தராது. முழுமைக் காப்பீடு இருப்பின், பிழை லாரிக்காரருடையதாயினும் நம் கம்பெனியிடமே பழுதுச் செலவைக் கோரலாம்; அப்படிக் கொடுத்த தொகையை லாரிக்காரரிடமிருந்து மீட்கும் உரிமை பின்னர்க் கம்பெனிக்கு வந்து சேரும். நாம் முன்பே ‘பாக்கி ஒன்றுமில்லை’ என எழுதிக் கொடுத்திருந்தால் அவ்வுரிமை கெடும். நம் கோரிக்கையும் மறுக்கப்படலாம். கம்பெனிக்கு உடனே தெரிவித்து, சர்வேயர் பார்வையிட்ட பிறகே வண்டியைப் பழுது பார்க்கக் கொடுக்கவேண்டும்.

சொந்தக்காரரே ஓட்டுகையில் உயிரிழந்தால் 15 இலட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடும் உண்டு; அது பாலிசியில் சேர்ந்திருக்கிறதா எனப் பார்க்க. ஏற்றிய நெசவுத் துணிக்கும் காய்கறிக்கும் வண்டிக் காப்பீடு பொறுப்பேற்பதில்லை. சரக்குப் போக்குவரத்துக் காப்பீட்டைத் தனியே எடுத்தல் வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

ஒவ்வொரு சங்கமும் ஒரு சிறு பதிவேடு வைக்கலாம். அதில் அங்கத்தினர் வண்டிகளின் எண், பாலிசி எண், முடியும் தேதி ஆகியவற்றை எழுதி, முடிவதற்கு ஒரு மாதம் முன்னரே நினைவூட்டலாம். வாடகைக்கு எடுக்கும் வண்டிக்கும் பாலிசி நகலைப் பார்த்த பின்னரே சரக்கை ஏற்றவேண்டும். பிறர் வண்டிக்குக் காப்பீடில்லை என்று வருந்தும் நாம், நம் வண்டியால் மற்றொரு குடும்பம் அதே துயரத்துக்கு ஆளாகாதபடி பார்த்துக்கொள்வதும் கூட்டுறவின் கடமையே.