வீட்டு முன்னால் ஒரு பவளமல்லி

வீட்டு முன்னால் சின்னதாக ஒரு பூமரம் வைக்கணும் என்று ஏரல் பக்கம் யார் கேட்டாலும் பவளமல்லியைத்தான் சொல்வேன். கவாத்து செய்து வந்தால் 10, 15 அடிக்குள் நிற்கும். அந்தியில் மொட்டு அவிழும். விடியும்போது பூவெல்லாம் தரையில் கிடக்கும். கீழே விழுந்ததைப் பொறுக்கிச் சாமிக்கு வைக்கலாம் என்று நம் பெரியவர்கள் விதிவிலக்கு கொடுத்த பூ இது.

நம்ம ஊரில் இடம் பார்க்கும்போது வெயிலுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். மழைத் தண்ணீர் எங்கே தேங்குது, எந்தப் பக்கம் வடியுது? தாமிரபரணி வண்டலில் வாழை செழிக்கும். பவளமல்லி வேருக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை, ஏரலுக்குள்ளும் ஆறு புகுந்தது. எங்கள் தெருவில் பள்ளத்தில் நின்ற இரண்டு பவளமல்லி தை மாசமே பட்டுப்போச்சு. மேட்டில் நின்ற ஒன்றும் மூழ்கத்தான் செய்தது, ஆனால் அங்கே தண்ணீர் முதலில் வடிந்தது. தூரில் படிந்த சேற்றை வழித்து எடுத்தோம். மண் மூடிக்கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. அந்த மரம் அடுத்த ஆவணியில் பூத்தது.

அதனால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி நடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்தால் போதும். சுவரிலிருந்து 8 அடியாவது தள்ளி இருக்கட்டும். ஆடிக் காற்று அடங்கியதும் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். காய்ந்த வட்டக் காயைப் பிளந்தால் பாதிக்கு ஒரு விதை இருக்கும். விதைக் கன்றைவிடப் பதியன் சீக்கிரம் பூக்கும். மூடாக்குக்கு நம்மிடம் வாழைச் சருகு இல்லாமலா? தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். மாசம் ஒரு தடவை 10 லிட்டர் தண்ணீரில் 1 லிட்டர் அமுதக்கரைசல் கலந்து ஊற்றலாம்.

பூ ஓய்ந்ததும் தை, மாசியில் நுனிகளைக் கவாத்து செய்யணும். புதுக் கிளையின் நுனியில்தான் பூ வரும்.

கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். "அண்ணாச்சி, மரம் செத்துப்போச்சு" என்று சொல்லித் தினமும் குடம் குடமாக ஊற்றுகிறவர்கள் உண்டு; அதுதான் வேரை அழுகவைக்கும். கிளையில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் வாரம் ஒரு தண்ணீர் போதும்.