இரவல் கொடுப்போம், உறவையும் காப்போம்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம்ம பக்கத்து வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவே இருக்காது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டாலே போதும், மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் திடீரென்று பன்னிரண்டு பேர். பாய் பத்தாது, போர்வை பத்தாது, சோறு பொங்கப் பெரிய பாத்திரம் இருக்காது. உடனே பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்போம். "மதினி, ரெண்டு பாயும் அந்தப் பெரிய சட்டியும் தாங்க. நாளைக்கே குடுத்திருதேன்" என்போம். அவர்களும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுப்பார்கள்.

இப்படிக் கொடுத்து வாங்கித்தான் நம் ஊர்களில் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பாய் ஓரம் பிய்ந்து வருகிறது. சட்டி அடிபிடித்து, கைப்பிடி ஆடிக்கொண்டு வருகிறது. கொடுத்தவர் அப்போது வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. மனசுக்குள் வைத்துக்கொள்கிறார். பிறகு குழுக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார். அவர் கடன் கேட்டால் இவர் முகத்தைத் திருப்புவார். இரண்டு பேர் மனத்தாங்கல் குழுவில் இரண்டு அணியாக வளர்ந்து, வாரச் சேமிப்பே நின்றுபோவதும் உண்டு. சட்டியின் விலை சில நூறு ரூபாய். அதனால் உடையும் குழுவை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே இந்த மாதம் இரவலைப் பற்றிப் படிப்போம்.

பணத்துக்கு ஒரு நியாயம், பொருளுக்கு ஒரு நியாயமா?

நம் குழுவில் ஒரு சகோதரிக்கு 2,000 ரூபாய் உள்கடன் கொடுப்பதாக இருந்தால் என்ன செய்கிறோம்? எதற்கு என்று கேட்கிறோம். எப்போது திருப்புவீர்கள் என்று கேட்கிறோம். தீர்மான நோட்டில் எழுதுகிறோம். கையெழுத்து வாங்குகிறோம். தவணை தவறினால் என்ன என்பதையும் முன்பே பேசி வைத்திருக்கிறோம். "என்னை நம்பலையா?" என்று யாரும் கோபப்படுவதில்லை. 1989ல் தருமபுரி மாவட்டத்தில் அரசு ஆதரவுடன் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பழக்கம்தான் குழுக்களைக் காப்பாற்றி வருகிறது.

அதே சகோதரிக்கு இரண்டு பவுன் சங்கிலியை இரவல் கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை. எத்தனை நாளைக்கு, யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள், எதுவும் கேட்பதில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சம். கொடுக்கும்போது பேசக் கூச்சப்பட்ட வார்த்தைதான் திரும்பி வரும்போது சண்டையாக வெளியே வருகிறது.

இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான்: பணத்துக்குப் பேசுகிற மாதிரி பொருளுக்கும் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும்.

பொருள் ஏன் கெட்டு வருகிறது?

எல்லாரும் வேண்டுமென்று கெடுப்பதில்லை. அந்தப் பொருளை எப்படிப் புழங்குவது என்று தெரியாததாலேயே பாதி கெடுகிறது. சில உதாரணங்கள்:

பித்தளைப் பாத்திரம்: உள்ளே பூசியிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரி சூட்டில் உருகிவிடும். தண்ணீர் ஊற்றாமல் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் பூச்சு போய்விடும். பிறகு அதில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். சாப்பிடுகிறவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் வரலாம்.

மிக்சி: நிறையப் போட்டு அரைத்தால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். பல மிக்சிகளின் அடியில் ஒரு சிறிய பட்டன் இருக்கும். சூடு ஆறிய பின் அதை அழுத்தினால் திரும்ப ஓடும். இது தெரியாமல் "மிக்சியை எரிச்சுட்டா" என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

கத்தரி: பீடி சுற்றும் அக்காவுக்குக் கத்தரிதான் கூலி. அதை வாங்கிப்போய்க் கம்பியோ தகரமோ வெட்டினால் முனை மழுங்கிவிடும். மறுநாள் இலை வெட்ட முடியாமல் கூலி குறையும். கத்தரியின் விலையை மட்டும் கணக்குப் போட்டால் போதாது, அந்தக் கூலியையும் சேர்க்க வேண்டும்.

மருந்து தெளிப்பான்: இதுதான் கண்ணுக்குத் தெரியாத சேதம். சோளத்துக்கோ நெல்லுக்கோ களைக்கொல்லி அடித்துவிட்டு, வெளியே கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து கொடுப்பார்கள். டாங்கிலும் குழாயிலும் மிச்சம் ஒட்டியிருக்கும். மறுவாரம் அதே தெளிப்பானில் நாம் தக்காளிக்கு மருந்து அடித்தால் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். டூ ஃபோர் டி போன்ற களைக்கொல்லி துளி அளவு இருந்தாலும் தக்காளி, கத்தரி, பருத்திச் செடிகளைப் பாதிக்கும். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் காய்கறி போடுகிற சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே நல்லது. இரவல் கேட்டு வந்தால் "என்ன மருந்து அடிக்கப் போறீங்க?" என்று முதலில் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரவல் கொடுப்பதற்கும் சட்டம் இருக்கிறதா என்று சிரிக்காதீர்கள். இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148ஆம் பிரிவு முதல் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நமக்குத் தேவையானதை மட்டும் எளிமையாகப் பார்ப்போம்.

1. வாங்கியவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தும் சேதம் வந்தால், தனியாகப் பேசி வைத்திருந்தால் ஒழிய, அவர் பொறுப்பில்லை (பிரிவு 151, 152).

2. எதற்கென்று வாங்கினாரோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மீறினால், கவனமாக இருந்திருந்தாலும் சேதத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் (பிரிவு 154). சட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 'நீ மட்டும் ஓட்டு' என்று ஒருவர் குதிரை கொடுக்கிறார். வாங்கியவர் அதைத் தன் வீட்டு ஆளிடம் கொடுக்கிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆனாலும் குதிரை விழுந்து அடிபடுகிறது. வாங்கியவர்தான் ஈடு கொடுக்க வேண்டும். இன்றைக்குக் குதிரை இருக்கும் இடத்தில் ஸ்கூட்டியை வைத்துப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் வண்டிக்காரர் மீதே வழக்கு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

3. சொன்ன நாளில் தன் தவறால் திருப்பாமல் வைத்திருந்தால், அந்த நாளிலிருந்து வரும் சேதத்துக்கு வாங்கியவரே பொறுப்பு (பிரிவு 161).

4. கொடுப்பவருக்கும் கடமை உண்டு. பொருளில் நமக்குத் தெரிந்த குறை இருந்தால் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் (பிரிவு 150). கரண்ட் அடிக்கும் கிரைண்டரைச் சொல்லாமல் கொடுத்து, வாங்கியவருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு நம்முடையது.

நகை இரவல்

கல்யாணம், சடங்கு, கொடை என்றால் நகை கை மாறுகிறது. அதிக வருத்தம் வருவதும் இதில்தான். கல் விழுந்து வரும், கண்ணி அறுந்து வரும். சில நேரம் நகை வரவே வராது, விசாரித்தால் அடகுக் கடையில் இருக்கும்.

நகை கொடுக்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். எடையை கிராம் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பவுன் என்பது 8 கிராம். செல்போனில் முன்னும் பின்னும் படம் எடுங்கள். புதிதாக வாங்கிய ஹால்மார்க் நகையாக இருந்தால், அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் பொறித்திருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது நம் நகைதான் என்று காட்ட அது உதவும்.

இரவல் நகையைச் சொல்லாமல் அடகு வைப்பதோ விற்பதோ வெறும் மனஸ்தாபம் இல்லை, நம்பிக்கை மோசடிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். முதலில் குழுவில் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். முடியாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதை வேண்டுமானாலும் யோசித்துக் கொடுக்கலாம், நம் பெயரை மட்டும் இரவல் கொடுக்கக் கூடாது. "உங்க பேர்ல லோன் எடுத்துக் குடுங்க அக்கா, நான் கட்டிருதேன்" என்று கேட்டு வந்தால் சம்மதிக்காதீர்கள். அவர் கட்டாவிட்டால் கடன் பதிவேட்டில் கெடுவது நம் பெயர். நாளை நம் மகள் படிப்புக்குக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும். ஏடிஎம் கார்டு, சிம் கார்டு, கையெழுத்துப் போட்ட காசோலை எல்லாம் இதே கணக்குதான்.

கொடுக்கும்போது நாலு வார்த்தை

1. எதற்கு, யார் புழங்கப் போகிறார்கள்?
2. என்றைக்குத் திரும்பும்?
3. எப்படிப் புழங்க வேண்டும், என்ன குறை இருக்கிறது?
4. கெட்டுப்போனால் என்ன செய்வோம்?

பேசும் விதம்தான் முக்கியம். "பத்திரமா வச்சுக்கோ" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் புரியாது. "சித்தி, இந்தக் கிரைண்டர்ல ஒரு தடவைக்கு ரெண்டு படிக்கு மேல போடாதீங்க, பெல்ட் அறுந்துரும். ஞாயித்துக்கிழமை எனக்கு மாவு ஆட்டணும், சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

நம் பெரியவர்கள் இதை அறிந்தே வைத்திருந்தார்கள். பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவது எதற்கு? பத்து வீட்டுப் பாத்திரம் கலந்தாலும் நம்முடையது நம்மிடம் வர வேண்டும் என்றுதானே!

கெட்டு வந்துவிட்டால்?

அன்றைக்கே, தனியாக, பொருளைப் பற்றி மட்டும் பேசுங்கள். "மதினி, கைப்பிடி ஆடுது, பாத்தீங்களா? பட்டறையில குடுத்து ஆணி அடிச்சுத் தந்துருங்க" என்று சொல்லுங்கள். நாலு பேர் முன்னால், தண்ணீர்க் குழாயடியில் வைத்துச் சொன்னால் சட்டியை விட்டுவிட்டு மானப் பிரச்சினை ஆகிவிடும். புழங்கினால் தேயத்தான் செய்யும், பழைய பாய்க்குப் புதுப் பாய் கேட்பதும் நியாயம் இல்லை. முதலில் பழுது பார்ப்பது, முடியாவிட்டால் பாதி விலை, அதுவும் முடியாவிட்டால் தவணை என்று படிப்படியாகப் போகலாம்.

வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை. உடைந்ததை மறைத்து, சின்னப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுபோய், அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறையும் அந்த வாசலில் நிற்க வேண்டும் அல்லவா?

ஒரு எச்சரிக்கை. இந்தக் கேள்விகள் எல்லாம் ஏழைச் சகோதரியை விரட்டுவதற்கு ஆயுதமாகிவிடக் கூடாது. வசதியான வீட்டாரிடம் கேட்காமல் கொடுத்துவிட்டு, கூலி வேலைக்குப் போகும் பெண்ணிடம் மட்டும் நாலு கேள்வி கேட்டால் அது அவமானம். எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரே விதி. அடிக்கடி தையல் மிஷினை இரவல் வாங்குகிறவர் இருந்தால், சொந்தமாக வாங்க உள்கடன் கொடுப்பதைப் பற்றிக் குழு யோசிக்கலாம். அதுதான் நாம் சேமிப்பதன் பலன்.

குழுவுக்குப் பொதுவாக வாங்கினால்?

அண்டா, தேக்சா, கரண்டி, சேர், தெளிப்பான் இவற்றைக் குழுவே வாங்கி வாடகைக்கு விடலாம். பல ஊர்களில் நடக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரின் நூலகத்தில் 1979 முதல் ஏணி, ரம்பம், துளையிடும் மிஷின் எல்லாம் புத்தகம் மாதிரியே இரவல் கொடுக்கிறார்கள். 2009ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி எலினோர் ஆஸ்ட்ரம். பல நாடுகளில் மக்கள் பொதுச் சொத்தைக் காப்பாற்றும் விதத்தை ஆராய்ந்தவர் அவர். புழங்குகிறவர்களே விதி போட்டு, தாங்களே கண்காணித்து, தவறுக்கு முதலில் சின்ன அபராதம், பிறகு பெரியது என்று வைத்தால் பொதுச் சொத்து நிலைக்கும் என்பது அவர் கண்டது. நம் குழுக்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

பொதுப் பொருளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, பொருள், எண்ணிக்கை, போகும்போது இருந்த நிலை, வரும்போது இருந்த நிலை, இரண்டு கையெழுத்து. முன்பணம் வாங்குங்கள். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். வாடகையில் ஒரு பங்கைப் பழுது பார்க்க ஒதுக்குங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச

ஊக்குநர் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கலாம். யாருடைய பெயரையும் சொல்லாமல் பேச வேண்டும்.

1. கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் கொடுத்த இரவலில் எது கெட்டு வந்தது? அதைச் சொன்னீர்களா, மனசுக்குள் வைத்துக்கொண்டீர்களா?
2. நீங்கள் வாங்கிய இரவல் ஏதாவது இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா?
3. வீட்டுக்காரரோ மாமியாரோ நம்மைக் கேட்காமல் நம் பொருளை இரவல் கொடுத்தால் எப்படிப் பேசுவது?
4. நம் குழுவில் எந்தப் பொருளைப் பொதுவாக வாங்கினால் இரவல் தொல்லை குறையும்?

இந்த வாரம் செய்ய வேண்டியது: இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று சொன்னவர்கள், அடுத்த கூட்டத்துக்கு முன் அந்தப் பொருளைக் கழுவித் துடைத்து, பழுது இருந்தால் சரிசெய்து, தாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரவும்.