வீட்டுக் கல்வியும் கணினிப் பதிவேடும்

வீட்டிலேயே பயிலும் சிறார் பலர் சான்றிதழ் பெற நாடுவது, 1989இல் தொடங்கப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தையே ஆகும். வீட்டில் இடப்படும் மதிப்பெண் கற்றலின் அளவுகோலேயன்றிச் சான்றிதழ் ஆகாது. ஆகவே, பாடத் திட்டமிடலுக்கும் மதிப்பெண் பதிவுக்கும் செயலியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், அது இந்நிறுவனத்தின் தேர்வுமுறைக்குப் பொருந்துகிறதா என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கு இணையான நிலையில் ஒரு முறை செய்யும் பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம். தேறிய பாடங்களை மீண்டும் எழுத வேண்டியதில்லை. எனவே, கல்வியாண்டு முடிந்ததும் கணக்கை முடித்துவிடும் செயலி இங்குப் பயன்படாது. தேறிய பாடம், எஞ்சிய வாய்ப்பு, ஒப்படைப்புக்குரிய கடைசி நாள் ஆகியவற்றைப் பாடவாரியாகக் காட்டுவதே ஏற்றது. ஒரு கடைசி நாள் தவறினாலும் இழப்பு மாணவருக்கே.

சந்தா நின்றாலும் பதிவுகளை வெளியே எடுக்க இயல வேண்டும். 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டுமென 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது. ஒப்புதல் அளிக்குமுன் எவ்விவரங்கள் கேட்கப்படுகின்றன என்று பார்ப்பது பெற்றோர் கடமை.

இத்தேவைகளைச் சாதாரண விரிதாளும் மாதந்தோறும் எடுக்கும் அச்சுப்படியும் நிறைவு செய்யுமாயின், விலையுயர்ந்த செயலி வேண்டுவதில்லை.